வெள்ளம் வடிந்த பின் வீடு: எதை மாற்றுவது, எதை விட்டுவைப்பது?

பாடப்பகுதி: இயற்கை அனர்த்தங்கள் – மீட்சிக் கட்டம்



வெள்ளப்பெருக்குப் பற்றிய வினாவொன்று வந்தால் உங்களிற் பெரும்பாலானோர் காரணங்களை நன்றாகவே எழுதிவிடுகிறீர்கள். வடகீழ்ப் பருவக்காற்று, வங்காள விரிகுடாவில் உருவாகும் தாழமுக்கம், குளங்களின் வான்கதவுகள் திறக்கப்படல், வடிகால்களை மறித்துக் கட்டடம் எழுப்புதல் என்று பட்டியல் தடையின்றி வருகிறது. விளைவுகளும் பரவாயில்லை. மீட்சிக் கட்டத்துக்கு வந்தவுடன் பேனா நின்றுவிடுகிறது. "சேதமடைந்த வீடுகளைத் திருத்துதல்" என்று ஒரு வரி. "நிவாரணம் வழங்குதல்" என்று இன்னொரு வரி. திருத்துதல் என்றால் என்ன செய்வது? நனைந்த எல்லாவற்றையும் மாற்றுவதா? எதை மாற்றாவிட்டால் ஆபத்து? இவற்றுக்கு விடை தெரிந்த மாணவருக்கு அந்த ஒரு வரி ஒரு பந்தியாக விரியும்.

புள்ளிகளுக்காக மட்டும் இதனை எழுதவில்லை. 2011 ஜனவரியில் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலும், 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களிலும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது நாடு முழுவதிலும் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. உங்களிற் சிலர் அப்படியான வீடொன்றிலிருந்தே இக்கைந்நூலைப் படிக்கக்கூடும். வெள்ளம் வடிந்த வீட்டில் பெரியவர்கள் களைத்துப்போயிருப்பார்கள். கையில் இருக்கும் பணமோ அளவானது. அந்த நேரத்திற் சேறு படிந்த சுவரைப் பார்த்துப் பயந்து பூச்சு முழுவதையும் கொத்தி விழுத்துவதும், வெளியே துடைத்தவுடன் புதிதுபோலத் தெரியும் பிளக்கை அப்படியே பாவிப்பதும் நடக்கின்றன. முதலாவது வீண் செலவு. இரண்டாவது உயிராபத்து.

மூன்று கேள்விகள்

ஒரு பொருளை மாற்றுவதா இல்லையா என்று தீர்மானிக்க மூன்று கேள்விகளைக் கேளுங்கள். வந்தது எந்த நீர்? அது எவ்வளவு நேரம் நின்றது? அப்பொருள் நீரை உள்ளே எடுத்திருந்தால், காய்ந்த பின்னர் முன்பு செய்த வேலையைச் செய்யுமா? மூன்றாவது கேள்வியே முதன்மையானது. மற்ற இரண்டும் அதற்கு விடை காண உதவுபவை.

எல்லா வெள்ளமும் ஒரே நீர் அன்று. கூரை ஒழுகி உள்ளே வந்த மழைநீர் ஓரளவு சுத்தமானது. வயலையும் வீதியையும் மலசலகூடக் குழிகளையும் கடந்து வந்த நீரிற் கிருமிகளும் எண்ணெயும் விவசாய இரசாயனங்களும் கலந்திருக்கும். இத்தகைய நீரை உறிஞ்சிய மென்மையான பொருள்களை, அவை உருக்குலையாமல் இருந்தாலும், வீட்டினுள் வைத்திருப்பது உகந்ததன்று. மூன்றாவது கடல்நீர். 2004 டிசம்பர் 26 ஆந் திகதி சுனாமி அலைகள் வந்து திரும்பச் சென்றது குறுகிய நேரத்தில்தான். ஆனால் சுவர்களுக்குள் உப்பு தங்கிவிட்டது. நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது என்பதை நீங்கள் ஆறாம் ஆண்டிலேயே படித்திருப்பீர்கள். அந்தச் சிறிய உண்மை கரையோரத்து வீடுகளில் வருடக்கணக்காக வேலை செய்கிறது. அதனைச் சுவர் பற்றிய பகுதியிற் பார்ப்போம்.

நேரமும் முக்கியம். 2016 மே மாதத்திற் களனி கங்கையின் தாழ்நிலங்களில், குறிப்பாகக் கொலன்னாவைப் பகுதியில், நீர் பல நாட்கள் வடியாமல் நின்றது. சில மணித்தியாலங்களில் வடிந்துவிடும் வெள்ளத்தில் ஒரு பலகைக் கதவின் மேற்பரப்பு மட்டுமே நனையும்; பல நாட்கள் நின்றால் நீர் நடுப்பகுதி வரை செல்லும். ஈரமான பொருள்களிற் பங்கசு வளரத் தொடங்குவதற்கு ஒன்று அல்லது இரண்டு நாட்கள் போதும். வேகமாகப் பாயும் வெள்ளத்தின் இயல்பு வேறு. அது நனைப்பதைவிட அத்திவாரத்தைச் சுற்றியுள்ள மண்ணை அரிப்பதாலேயே கூடிய சேதத்தை விளைவிக்கும்.

சுவர்

சீமெந்துக் கல்லால் அல்லது சுட்ட செங்கல்லாற் கட்டிச் சீமெந்துச் சாந்து பூசிய சுவர் வெள்ளத்தால் நனைந்தது என்பதற்காகப் பலம் இழப்பதில்லை. காரணம் எளிது. சீமெந்து நீருடன் தாக்கம் புரிந்தே இறுகுகிறது. புதிதாகப் பூசிய சுவருக்கு மேசன் ஒரு வாரம் வரை காலையும் மாலையும் தண்ணீர் விடுவதைப் பார்த்திருப்பீர்கள். இறுகிய சீமெந்து மீண்டும் நீரிற் கரையாது. அதேபோலச் சூளையிற் சுடப்பட்ட களிமண்ணும் திரும்பச் சேறாக மாறாது. ஆகவே இச்சுவர்களை உடைக்க வேண்டியதில்லை. கழுவ வேண்டும், காயவிட வேண்டும். சேறு ஈரமாக இருக்கும்போதே கழுவிவிடுவது நல்லது. காய்ந்து இறுகினால் வேலை இரண்டு மடங்காகும்.

பூச்சைக் கொத்துவதா என்ற கேள்விக்கு மேசன்மாரிடம் ஒரு நல்ல வழி உண்டு. விரல் மொளியால் அல்லது ஒரு நாணயத்தாற் சுவரை அடிக்கு அடி தட்டிப் பாருங்கள். கனமான சத்தம் கேட்டால் பூச்சு கல்லோடு ஒட்டியிருக்கிறது. வெறும் பெட்டியைத் தட்டுவது போன்ற சத்தம் கேட்டால் அவ்விடத்திற் பூச்சு கழன்றுவிட்டது. அந்தப் பகுதியைச் சோக்கட்டியால் வட்டமிட்டு, அதை மட்டும் கொத்தினாற் போதும். கறை படிந்திருப்பது கொத்துவதற்குரிய காரணமாகாது.

சுடாத மண் கல்லாற் கட்டிய சுவர், வரிச்சுக் கட்டி மண் அப்பிய சுவர் ஆகியவற்றின் கதை வேறு. அவற்றின் பலம் முழுவதும் காய்ந்த களிமண்ணின் பிணைப்பிலேயே தங்கியுள்ளது. நீர் சேர்ந்தால் அப்பிணைப்பு தளர்ந்துவிடும். எந்தக் கல் என்று சந்தேகம் இருந்தால் உடைந்த ஒரு துண்டை வாளித் தண்ணீரிற் போட்டு மறுநாள் பாருங்கள். சுட்ட கல் அப்படியே கிடக்கும். சுடாத கல் கரைந்து அடியிற் படியும். அரைகுறையாகச் சுட்ட கல்லின் ஓரங்கள் மட்டும் உதிரும். மண் சுவரின் அடிப்பகுதி கரைந்து மெலிந்திருந்தால், மேற்பகுதி எவ்வளவு நேராக நின்றாலும் அதன் அருகே படுக்கக் கூடாது. வெள்ளம் வந்த அன்று நின்ற மண் சுவர், நீர் வடிந்து இரண்டு மூன்று நாட்களின் பின் சரிந்து விழுந்த சம்பவங்கள் எமது கிராமங்களிற் புதியவை அல்ல. அதைப் பூசி மறைப்பது பயனற்றது. உடைத்துவிட்டு, வசதி கிடைக்கும்போது அடிப்பகுதியையாவது சுட்ட கல்லாலோ சீமெந்துக் கல்லாலோ கட்ட வேண்டும்.

கடல்நீர் புகுந்த சுவரில் இரண்டு சிக்கல்கள் எழும். சுவர் காயும்போது உப்பு மேற்பரப்புக்கு வந்து வெள்ளை மாவாகப் பூக்கும். பூச்சையும் தீந்தையையும் தள்ளி உதிர்க்கும். இதைத் தவிர்க்க, கடல்நீர் வடிந்தவுடன் நன்னீராற் பலமுறை கழுவ வேண்டும். ஆனால் சுவர் காய்ந்து உப்புப் பூத்த பின்னர் நீர் ஊற்றிக் கழுவினால் அந்த உப்பு கரைந்து மீண்டும் உள்ளே போய்விடும். அப்போது உலர்ந்த தும்புத்தடியால் அல்லது தூரிகையாற் தட்டி எடுத்து அப்புறப்படுத்த வேண்டும். இந்த வேறுபாட்டை மாணவர்கள் அடிக்கடி மாற்றி எழுதுவதைக் கண்டிருக்கிறேன், கவனம். இரண்டாவது சிக்கல் கொங்கிறீற்றின் உள்ளே இருக்கும் இரும்புக் கம்பி. கடல்நீரிலுள்ள குளோரைட்டு கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துரு இரும்பைவிடக் கூடிய இடத்தை அடைப்பதாற் கொங்கிறீற்று உள்ளிருந்தே வெடிக்கும். தூணில் அல்லது வளையில் நெடுக்காக ஒரு வெடிப்பும் கபில நிறக் கசிவும் தோன்றினால் மேலே சாந்து பூசி மூடுவதில் அர்த்தமில்லை.

வெடிப்புகளைப் பற்றியும் ஒரு சொல். எல்லா வெடிப்பும் ஆபத்தானதன்று. பூச்சில் மட்டும் மயிர் போல ஓடும் வெடிப்பை விட்டுவிடலாம். யன்னல் மூலையிலிருந்து சாய்வாக, படிக்கட்டுப் போலக் கல்லின் பொருத்துகள் வழியே செல்லும் வெடிப்பு, அத்திவாரம் இறங்கியிருப்பதைக் காட்டலாம். வெடிப்பின் குறுக்கே ஒரு கடதாசித் துண்டை இறுக்கமாக ஒட்டி, அதில் திகதியை எழுதிவையுங்கள். கடதாசி கிழிந்தால் சுவர் இன்னும் அசைந்துகொண்டிருக்கிறது. அதன் பின் அது மேசனின் வேலையன்று. தொழினுட்ப உத்தியோகத்தர் ஒருவர் வந்து பார்க்க வேண்டும்.

மரமும் மரம் போன்றவையும்

கதவு என்றாற் கதவுதானே என்று நினைக்க வேண்டாம். பாலை, வேம்பு, தேக்கு போன்ற திண்மரத்தாற் செய்த கதவும் நிலையும் நீரில் ஊறிப் பருக்கும். மெதுவாகக் காய்ந்தாற் பெரும்பாலும் பழைய அளவுக்கு வந்துவிடும். இங்கே நடக்கும் பொதுவான அவசரம் என்னவெனில், கதவு பூட்டுப்படவில்லை என்று உடனே தச்சரை அழைத்துச் சீவிவிடுவதாகும். இரண்டு மாதங்களின் பின் அதே கதவு சுருங்கி, நிலைக்கும் கதவுக்கும் இடையே விரல் போகும் இடைவெளி தெரியும். ஆகவே சீவாமற் பொறுத்திருக்க வேண்டும். கழற்றக்கூடிய கதவைக் கழற்றி, நிழலில், காற்றுப்படும் இடத்தில், சமமாகக் கட்டைகள் வைத்து அவற்றின் மேற் கிடத்த வேண்டும். கடும் வெயிலிற் போட்டால் ஒரு பக்கம் மட்டும் விரைவாகக் காய்ந்து பலகை வளைந்துவிடும். பிணைச்சல்களையும் ஆணிகளையும் துடைத்து எண்ணெய் பூசினாற் போதும்.

ஒட்டுப்பலகை, சிப்போட், எம்.டி.எப். ஆகியன மரத்திலிருந்து பெறப்பட்டவை என்றாலும் மரத்தைப் போல நடந்துகொள்வதில்லை. இவை மெல்லிய தகடுகளை அல்லது மரத்தூளைப் பசையால் ஒட்டி உருவாக்கப்பட்டவை. சாதாரண ஒட்டுப்பலகை நீரில் ஊறினால் தகடு தகடாகக் கழன்றுவிடும். சிப்போட் வீங்கிப் பொருமும். காய்ந்த பின்னும் அந்த வீக்கம் இறங்காது, ஆணியும் பிடிக்காது. அறைக்கதவு, அலுமாரி, குசினித் தட்டு ஆகியவை இவற்றால் செய்யப்பட்டு நீரிற் கிடந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். வாங்கும்போது கூடிய விலை கொடுத்திருப்பீர்கள், எறிய மனம் வராது. ஆனாலும் சேற்றுநீரைக் குடித்த சிப்போட் அலுமாரி ஓர் அறை முழுவதற்கும் பங்கசு பரப்பும். ஜிப்சம் பலகையாற் செய்த இடைச்சுவரும் உட்கூரையும் நனைந்தால் அவையும் இதே வகையிலேயே அடங்கும்.

கதவு நிலையின் அடிக்கால் தனிக் கவனத்துக்குரியது. நிலம் காய்ந்த பின்னும் அங்கே ஈரம் தங்கும். ஈரமான மரத்தைக் கறையான் தேடி வரும். மூன்று நான்கு மாதங்களின் பின் ஒரு திருகாணிச் சாவியால் அழுத்திப் பாருங்கள். இலகுவாக உள்ளே இறங்கினால் அப்பகுதி உக்கிவிட்டது. நிலை முழுவதையும் மாற்றாமல் உக்கிய அடிக்காலை மட்டும் வெட்டி, புதிய துண்டைப் பொருத்த நல்ல தச்சருக்குத் தெரியும்.

மின்னிணைப்பு

இந்தப் பகுதியிற் சிக்கனம் பார்க்க வேண்டாம். நீரில் மூழ்கிய பிளக், சுவிச், ட்ரிப் சுவிச், மின்சுற்று உடைப்பான் ஆகியவற்றைக் காயவைத்துப் பாவிக்கக் கூடாது; மாற்ற வேண்டும். வெளியே பிளாஸ்ரிக் துடைத்தாற் பளபளக்கும். உள்ளே செப்புத் தொடுகைகளின் மேல் மெல்லிய சேறு படிந்து, ஈரலிப்பைப் பிடித்துவைத்திருக்கும். சுவிச்சுகளுக்காவது தீ மூண்டு தெரியும். ட்ரிப் சுவிச் வேலை செய்யாமற் போனது எவருக்கும் தெரியாது. ஒருவருக்கு மின்சாரம் தாக்கும்போது இணைப்பைத் துண்டிக்க வேண்டிய கருவி அது. பழுதானால் அது பேசாமல் இருந்துவிடும்.

சுவருக்குள் ஓடும் பி.வி.சி. உறையிட்ட வயர் நன்னீரில் நனைந்திருந்தாற் சில வேளைகளிற் தப்பும். அதைத் தீர்மானிப்பது மின்னிணைப்பாளர் ஒருவர் காவலித் தடையை அளந்து பார்த்த பின்னரே. அதுவரை மெயின் சுவிச் மூடியே இருக்க வேண்டும். அந்த மெயின் சுவிச்சையும் நிலத்தில் நீர் நிற்கும்போது நீங்கள் போய்த் தொடக் கூடாது.

இங்கே பரீட்சைக்கு உதவும் ஓர் எண்ணக்கருவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2015 மார்ச்சில் யப்பானின் செண்டாய் நகரில் ஏற்றுக்கொள்ளப்பட்ட அனர்த்த இடர் குறைப்புச் சட்டகம், மீட்சிக் காலத்தில் "முன்பிலும் சிறப்பாகக் கட்டியெழுப்புதல்" என்பதை வலியுறுத்துகிறது. பெரிய திட்டங்களுக்கு மட்டும் உரிய சொற்றொடர் போலத் தோன்றும். எப்படியும் மாற்றவேண்டிய பிளக்கை நிலத்திலிருந்து ஓரடி உயரத்தில் மீண்டும் பூட்டாமல், சுவரில் உள்ள வெள்ள அடையாளத்துக்கு மேலே பூட்டுவதும் அதுவேதான்.

நிலம், கூரை, சீமெந்துப் பை

சீமெந்து நிலத்தைக் கழுவிக் காயவிட்டாற் போதும். ரைல் பதித்த நிலமாயின் சுவரைப் போலவே தட்டிப் பார்த்து, கழன்றவற்றை மட்டும் திரும்பப் பதிக்கலாம். நிலத்தின் கீழ் மண் அரிபட்டு வெற்றிடம் உண்டாகியிருந்தால் முதலில் அதை நிரப்பி இறுக்க வேண்டும்.

கூரைக்கு வெள்ளம் எட்டுவது அரிது; அங்கே சேதம் விளைவிப்பது காற்றும் விழுந்த மரக்கிளைகளுமே. ஓடு உடைந்தால் உடைந்த ஓட்டை மாற்றுவீர்கள். அஸ்பெஸ்ரஸ் தகடு உடைந்தாற் பொறுமை வேண்டும். அதை வாளால் அறுப்பதும், அடித்து நொறுக்குவதும், உலர்ந்த தூளைக் கூட்டுவதும் கூடாது. அதன் நுண்ணிய நார்கள் சுவாசப்பைக்குட் சென்றால் பல ஆண்டுகளின் பின் நோய் உண்டாகும். நீர் தெளித்து நனைத்து, துண்டுகளைத் தடித்த பொலித்தீனிற் சுற்றி அப்புறப்படுத்த வேண்டும். கிடுகைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. அது எப்படியும் ஓரிரு வருடத்தில் மாற்ற வேண்டிய பொருள்.

வீட்டு வேலைக்கென வாங்கி அடுக்கிவைத்த சீமெந்துப் பை நனைந்திருந்தால் அது சீமெந்தாக இனிமேற் பயன்படாது. நனையாமல் ஈரக்காற்றில் மட்டும் கிடந்த பையைத் திறந்து பாருங்கள். கட்டிகள் விரலால் நசுக்கும்போது பொடியாகாவிடின் தூண், வளை போன்ற பாரம் தாங்கும் வேலைக்கு எடுக்கக் கூடாது.

காய்வதற்கு எவ்வளவு காலம்?

கட்டடத்துறையினர் கூறும் பருமட்டான கணக்கு ஒன்று உண்டு: சுவரின் தடிப்பு ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ ஒரு மாதம். குளிரான நாடுகளில் வழங்கும் கணக்கு இது. எமது வெயிலில் விரைவாகக் காயலாம். ஆனால் வடக்கிலும் கிழக்கிலும் வெள்ளம் வருவது பெரும்பாலும் நவம்பர் தொடக்கம் ஜனவரி வரையான காலத்திலேயே. அந்த மாதங்களிற் காற்றிலேயே ஈரலிப்பு நிறைந்திருப்பதாற் சுவரிலுள்ள நீர் ஆவியாக இடமில்லை. உண்மையில் மாசி பங்குனியில்தான் காய்தல் சூடு பிடிக்கும்.

இதற்கிடையில் தைப்பொங்கல் வந்துவிடும். வீட்டுக்கு வெள்ளையடிக்காமற் பொங்கலா என்று வீட்டிற் கேட்பார்கள். கேட்பதும் நியாயமே; சேற்றுக் கறையோடு ஒரு வருடத்தைத் தொடங்க யாருக்குத்தான் மனம் வரும்? இங்கே பொருள் பற்றிய அறிவு கைகொடுக்கிறது. கடையில் விற்கும் இமல்சன் தீந்தை சுவரின் மேல் ஒரு படலமாகப் படிந்து உள்ளேயுள்ள நீரை அடைத்துவைக்கும். சில வாரங்களிற் கொப்புளம் போட்டு உரியும். செலவழித்த பணம் நிலத்திற் கிடக்கும். சுண்ணாம்பு அப்படியன்று. அதன் ஊடாக நீராவி வெளியேறும். ஆகவே அவ்வருடப் பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டு, தீந்தையை அடுத்த கோடைக்கு வைத்துக்கொள்ளலாம்.

சுவர் காய்ந்ததா என்று அறிய ஓர் எளிய சோதனை: ஓரடிச் சதுரமான தெளிந்த பொலித்தீன் துண்டைச் சுவரில் வைத்து நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவால் மூடிவிடுங்கள். ஓரிரு நாட்களின் பின் உட்புறத்தில் நீர்த்துளிகள் தெரிந்தாற் சுவர் இன்னும் ஈரம். வெள்ள அடையாளத்துக்கு மேலேயும் இதைச் செய்துபாருங்கள். மயிர்த்துளைத்தன்மையால் நீர் கல்லின் நுண்டுளைகள் வழியே மேலேறுவதால், மூன்றடி வெள்ளம் நின்ற சுவர் மூன்றடிக்கு மேலும் நனைந்திருக்கும்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம்

கிளிநொச்சி மாவட்டம் கண்டாவளைப் பக்கத்துத் தாழ்நிலத்தில் ஒரு வீடு இருப்பதாகக் கற்பனை செய்யுங்கள். முன்னால் இரண்டு அறைகள் சீமெந்துக் கல்லில். பின்னால் சுடாத மண் கல்லிற் கட்டிய குசினி. முன்கதவு பாலை மரம், அறைக்கதவுகள் ஒட்டுப்பலகை. ஓட்டுக்கூரை. பிளக்குகள் ஓரடி உயரத்தில். மூன்றடி நீர் இரண்டு நாட்கள் நின்றது. வயல்வெளி கடந்து வந்த வெள்ளம், உப்பில்லை. குடும்பத்தின் கையில் உள்ள பணம் எல்லாவற்றுக்கும் போதாது. எங்கே தொடங்குவது?

எதையும் எறிவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. சுவரில் நீர் நின்ற அடையாளத்தைக் கோடிட்டுத் திகதி எழுத வேண்டும். சேதமடைந்தவற்றைத் தொலைபேசியாற் படம் எடுக்க வேண்டும். கிராம உத்தியோகத்தருக்கு அறிவிக்க வேண்டும். எறிந்துவிட்ட பொருளை எவரும் மதிப்பிட முடியாது.

பணம் முதலிற் போகவேண்டியது மின்னிணைப்புக்கு. மூன்றடிக்குக் கீழே இருந்த பிளக்குகள் அனைத்தும் மாற்றப்பட்டு நாலடிக்கு மேலே பூட்டப்பட வேண்டும். அடுத்தது குசினி. அதன் மண் சுவர் ஆபத்தானது. அதை உடைக்கப் பணம் அதிகம் வேண்டாம். உடனே கட்டவும் வேண்டியதில்லை. முற்றத்திற் கிடுகுக் கொட்டிலில் சில மாதங்கள் சமைக்கலாம். ஒட்டுப்பலகைக் கதவுகளை அகற்ற வேண்டும். புதிய கதவு வரும் வரை திரைச்சீலை போதும். பாலைக் கதவுக்கும் சீமெந்துக் கற்சுவருக்கும் நிலத்துக்கும் செலவு எதுவுமில்லை. அவற்றுக்குத் தேவையானது காலமும் திறந்த யன்னல்களும் மட்டுமே. தீந்தை பட்டியலின் கடைசியில் வரும்.

பார்வைக்கு மிக மோசமாகத் தெரிந்த சேற்றுச் சுவருக்கு ஒரு சதமும் செலவாகவில்லை என்பதையும், கண்ணுக்குத் தெரியாத பழுதுள்ள பிளக்குக்கே முதற் பணம் போனதையும் கவனித்தீர்களா? விடை எழுதும்போது இந்த ஒழுங்கைக் காரணத்துடன் காட்டினால் உங்கள் விடை மற்றவர்களின் விடையிலிருந்து வேறுபட்டு நிற்கும்.

மாதிரி வினா

வெள்ள அனர்த்தத்தின் பின்னர் வீடுகளை மீளத் திருத்தும்போது கவனத்திற் கொள்ளவேண்டிய விடயங்கள் இரண்டைக் குறிப்பிட்டு விளக்குக.

குறைந்த புள்ளி பெறும் விடை: "சேதமடைந்த பொருள்களை மாற்றுதல். வீட்டைச் சுத்தம் செய்தல்."

இவ்விடையிற் பிழை எதுவும் இல்லை. ஆனால் "விளக்குக" என்ற சொல்லுக்கு விடை இல்லை.

நல்ல விடை: "நீரில் நனைந்த எல்லாப் பொருள்களையும் மாற்ற வேண்டியதில்லை. சீமெந்துக் கல், சுட்ட செங்கல், திண்மரம் ஆகியன காய்ந்த பின்னர் தமது பலத்தை மீளப் பெறுவதால் அல்லது இழக்காமல் இருப்பதால் அவற்றைச் சுத்தம் செய்து மீண்டும் பயன்படுத்தலாம். சுடாத மண் கல், சிப்போட், நீரில் மூழ்கிய மின் பாகங்கள் என்பன மீளப் பயன்படுத்தத் தகுதியற்றவை. இவ்வாறு வேறுபடுத்துவதன் மூலம் குறைந்த நிதியை அவசியமான தேவைகளுக்குப் பயன்படுத்தலாம். இரண்டாவதாக, மாற்றும் பொருள்கள் அடுத்த வெள்ளத்தைத் தாங்கக்கூடியவையாக இருத்தல் வேண்டும். உதாரணமாக, மின் பிளக்குகளை முன்னைய வெள்ள மட்டத்துக்கு மேலே பொருத்துதல், சுவரின் அடிப்பகுதியைச் சுட்ட கல்லால் அமைத்தல் என்பவற்றைக் குறிப்பிடலாம்."

ஏழெட்டு வரிகள்தான். ஒவ்வொரு கூற்றின் பின்னாலும் ஒரு காரணமோ ஓர் உதாரணமோ இருப்பதைப் பாருங்கள்.

பயிற்சி

1. கடல்நீர் புகுந்த வீட்டுக்கும் ஆற்று வெள்ளம் புகுந்த வீட்டுக்கும் திருத்த வேலையில் உள்ள வேறுபாடுகள் இரண்டை எழுதுக.

2. வெள்ளம் வடிந்து ஒரு வாரத்தில் உங்கள் அயலவர் பருத்துப்போன வேப்பமரக் கதவைச் சீவுவதற்குத் தச்சரை அழைக்கிறார். அவருக்கு நீங்கள் கூறும் ஆலோசனையையும் அதற்கான காரணத்தையும் எழுதுக.

3. உங்கள் வீட்டை அல்லது உங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டை எடுத்துக்கொள்க. அங்கே மூன்றடி வெள்ளம் இரண்டு நாட்கள் நின்றால் மாற்றவேண்டியவை எவை, காயவிடவேண்டியவை எவை என ஒரு பட்டியல் தயாரிக்குக. வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரிடம் காட்டி, எந்தச் சுவர் எந்தக் கல்லாற் கட்டப்பட்டது என்பதைக் கேட்டு உறுதிப்படுத்துக.